சுண்டுவிரல்

நெல்பேட்டையில் பீர் ஒலி கடை.
கைப்பிடி போன கிராமபோன்,
மூன்று கப்பல் விளக்கு, பூட்டில்லாத சாவிக்கொத்து,
இவற்றுக்குப் பின்னால்
தராசின் ஒரு தட்டில் உட்கார்ந்திருந்தது.
மறுதட்டில் பித்தளைச் செம்பு.

“லண்டன் பொம்மைங்க டாக்டரம்மா.
கொடைக்கானல் பங்களாவுல தொரை வீட்டுது.
மூவாயிரம் குடுங்க போதும்.”

நான் டாக்டர் இல்லை.
மேலமாசி வீதி மாடியில் பல்செட் செய்கிறவள்.
எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.
அவருடைய கீழ்வரிசை என் கைவேலை என்பதால்
மரியாதை குறைய மாட்டேன் என்கிறது.

தூக்கினேன். கனமே இல்லை,
உறிஞ்சிப் போட்ட முட்டை ஓடு மாதிரி.
பீங்கான் என்றால் ஜில்லென்று இருக்கும்;
இது என் உள்ளங்கைச் சூட்டை உடனே வாங்கிக்கொண்டது.
கைகால் கோத்த ரப்பர் நைந்து
ஒரு கால் தொங்கியது.
கட்டைவிரலால் முதுகைத் தேய்த்தேன், தேய்த்தேன்,
மூக்கருகே கொண்டுபோனேன்.
சூடம்.

அப்படியானால் செல்லுலாய்டு.
அமிலத்தில் ஊறிய பஞ்சும் சூடமும்.
சீப்பு, சினிமாச் சுருள்,
ஒரு காலத்தில் பல்செட்டும் இதில் செய்தார்களாம்.
சிரித்தால் சந்நிதி மணக்கும் வாய்கள்.

தோள்பட்டைக்கு நடுவே அழுக்கு.
எச்சில் தொட்டுத் துடைத்து லென்ஸை மாட்டினேன்.
குருணை அளவில் ஆங்கில எழுத்து:
ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது.
தோற்ற நாடு
தோல்வியையும் சேர்த்து அச்சடித்து
பொம்மை முதுகில் அனுப்பிவைத்த ஐந்தாறு வருடம்.
துரைகள் இங்கே கப்பல் ஏறிய பிறகு
கரை இறங்கியிருக்கிறது இது.

“சப்பானா?” பீர் ஒலி முகம் விழுந்தது.
“சரி, ஆயிரத்தைந்நூறு.”

கீழே வைத்திருப்பேன்.
வைக்கப் போகும்போதுதான் இடது கை தெரிந்தது.
நான்கு விரல் ஜப்பான்.
சுண்டுவிரல் வேறு ரோஸ்.
எனக்குத் தெரிந்த ரோஸ்.
தினமும் என் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு
வீடு வரை வருகிற ஈறு நிறம்.

யாரோ
பல்செட்டுக்குப் பிசைந்து மிஞ்சிய மாவில்
ஒரு விரலைப் பிடித்து
தனியே வேகவைத்து, அரத்தால் ராவி
பொருத்தியிருக்கிறார்கள்.
நகம்கூடக் கீறியிருக்கிறது.
மற்ற நான்கு விரலிலும் நகமே கிடையாது.

எந்த மாடி, எந்த ஆள்,
யாருடைய அழுகை நிற்பதற்காக
ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டார்,
லென்ஸில் அது தெரியவில்லை.
அந்த வேலைக்கு
முதுகில் முத்திரை கிடையாது.

எண்ணிக் கொடுத்தேன்.
விரலைப் பற்றி வாய் திறக்கவில்லை.
ஒட்டுப்போட்டது என்று தெரிந்தால்
இன்னும் முந்நூறு குறைத்திருப்பார்.
அதைக் குறைக்க விடுவதாக இல்லை.

விளக்குத்தூண் பக்கம்
ஜவுளிக்கடை வாசலில் வெள்ளிக்கிழமைப் பூசணிக்காய்,
தலையில் சூடம் எரிய
ஒரு பையன் சுற்றிக்கொண்டிருந்தான்.
பையை மறுதோளுக்கு மாற்றி
எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன்.
ஆட்டோக்காரர் திட்டினார்.
அவருக்கென்ன தெரியும்,
ஒரு பொறி பட்டால் போதும்,
சூடத்துக்குப் பிறந்தது.