நான்காவது அளவீடு

சனிக்கிழமை காலை எட்டரைக்கே
ஆய்வகத்துக் குளிர் எலும்புக்குள் போய்விடும்.
ஸ்வெட்டர் கைகளை விரல்நுனிவரை இழுத்துக்கொண்டு
எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
போட்டிக்கு ஐந்து பேர்தான்.
இதை யாரும் சொல்வதில்லை,
எல்லோருக்கும் கழிக்கத் தெரியும்.

மேசைமேல்
ஓர் எஃகு அளவுகோல், நகமளவு கண்ணாடி,
லேசர், நூல், ஐம்பது கிராம் எடைகள் ஆறு.
அளவுகோலின் விறைப்பைக் கண்டுபிடி என்கிறது தாள்.
இரண்டரை மணி நேரம்.
கடைசி வரி எப்போதும்போல:
உன் விடைமேல் உனக்கு எவ்வளவு சந்தேகம்,
அதையும் எழுது.

எனக்கு ஜோடி இர்ஃபான்.
பேசமாட்டான், பேனா மூடியைக் கடிப்பான்.
எடை தொங்கியதும் அளவுகோல் மயிரிழை வளைகிறது,
கண்ணாடி அதைவிடக் கொஞ்சமாகத் திரும்புகிறது,
எதிர்ச்சுவரில் ஒட்டிய வரைபடத்தாளிலோ
சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிய நகர்கிறது.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பன்னிரண்டு புள்ளி ஐந்து.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பதின்மூன்று புள்ளி ஒன்று.

நான்காவதைப் பென்சிலால் அடித்தேன்.
ஏன் என்றான்.
பொருந்தவில்லை என்றேன்.
ஆனால் நடந்ததுதானே, என்றான்.

தமிழ் வகுப்பில் பிழை என்றால்
சிவப்பு மையில் ஒரு வட்டம்.
என் கட்டுரைத் தாளில் ழகரங்களெல்லாம்
அம்மை போட்டதுபோல் இருக்கும்.
இங்கே பிழையைத் திருத்தினால் பொய்.
அதற்கொரு நீளம் கொடுத்து
மேலும் கீழும் சின்னக் குறுக்குக்கோடு இழுத்து
புள்ளியின் முதுகில் கட்டிவிட வேண்டும்.
பிழை என்ற அதே சொல்லுக்கு
உயிரோடு இரு என்றும் பொருள் உண்டென்று
இர்ஃபானிடம் சொல்ல நினைத்தேன்.
ஆங்கிலத்தில் அது வரவில்லை.

அவன் எடைகளைத் தொடாமல் சுவரையே பார்த்தான்.
மற்ற மேசைகளில் கோடு வரையும் சத்தம்.
கை யூன் இரண்டாவது தாளுக்கே போய்விட்டாள்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
பத்து நாற்பத்தொன்று:
யாரும் தொடாத புள்ளி நடுங்கி நின்றது.
பத்து நாற்பத்தாறு:
மறுபடி.
ஜன்னல் திரைக்குப் பின்னால்
டோவரிலிருந்து கிளமெண்டிக்கு
ரயில் போய்க்கொண்டிருந்தது.

மேம்பாலத் தூண், மண், சாக்கடை மூடி,
கூடைப்பந்துத் திடல், நான்கு மாடிச் சுவர்,
எங்கள் மேசையின் கால்,
இத்தனையையும் தாண்டி வந்து
ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தட்டியது
ஒரு முழு ரயில்.
நான் சிரித்துவிட்டேன்.
மேற்பார்வைக்கு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.
அடித்த கோட்டை அழித்தேன்,
காகிதம் அங்கே மட்டும் மெலிந்துபோனது.
பக்கத்தில் எழுதினோம்: ரயில்.

பட்டியல் புதன்கிழமை கைப்பேசிக்கு வந்தது.
ஐந்து பெயர்கள். இர்ஃபான் மூன்றாவது.
கோட்பாட்டுத் தாளில், சுழலும் தட்டுக் கணக்கில்,
ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தேன்.
எனக்கும் கழிக்கத் தெரியும்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பிடித்தமான மீ கோரெங் வாங்கி வந்தாள்.
ஆறிய பிறகு சாப்பிட்டேன்.

இன்று சனிக்கிழமை.
ஜூரோங் ஈஸ்டில் பல் மருத்துவர்.
உட்கார இடமிருந்தும்
கதவோரம் நின்றுகொண்டு போகிறேன்.
டோவர் தாண்டியதும் அந்தக் கட்டடம்,
நான்காவது மாடி, இறக்கிவிட்ட திரைகள்.
ரயிலின் எடை எவ்வளவு என்று தெரியாது,
அதில் ஐம்பத்தொரு கிலோ நான்.

உள்ளே இப்போது
யாரோ ஒருவருடைய அளவு பொருந்தாமல் போயிருக்கும்.
பென்சிலை எடுத்திருப்பார்.

இர்ஃபான்,
நேரத்தைக் குறித்துக்கொள்.
பத்து நாற்பத்தொன்று.