தொண்ணூறு வினாடி

அதிகாலை மூன்று நாற்பதுக்கு
லோர்ன் பெட்காவ் பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு
நேராக மைக்ரோவேவ் முன்னால் போய் நிற்பான்.
கையில் அந்தக் கோப்பை.
எப்போதோ ஒரு விதைக்கடைக்காரன் இலவசமாய்க் கொடுத்தது.
தொலைபேசி எண்ணில் கடைசி நான்கும் தேய்ந்துவிட்டதால்
இனி யாரும் கூப்பிட்டு விதை கேட்க முடியாது.

ஒரு முட்டை.
இரண்டு கரண்டி பால், எங்கள் காபிக்கு வைத்ததிலிருந்து திருடியது.
நேற்றைய ரொட்டியைக் கிள்ளிப் போட்டு
வெங்காயத்தாளைக் கத்தரிக்கோலால் நறுக்குவான்.
கத்தரிக்கோல் என் மேசையுடையது.
நகராட்சியின் ரசீதுகள் எல்லாவற்றிலும் வெங்காய வாசம்.

வாகன நிலையத்து மைக்ரோவேவில்
மூன்று என்ற பொத்தான் செத்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
முப்பது வினாடி வேண்டுமென்றால் இருபத்தொன்பது போட்டு
மீதி ஒன்றை மனதில் எண்ணிக்கொள்ள வேண்டும்.
தொண்ணூறு மட்டும் பழுதில்லாமல் வரும்:
ஒன்பது, பூஜ்யம்.
ஆகவே வின்னிபெக்கின் பனி அள்ளும் ஆட்கள்
எதையும் தொண்ணூறு வினாடிதான் வேக வைப்பார்கள்,
வெந்தாலும், ரப்பரானாலும்.

முட்டை மெல்லத் தலைதூக்கும்,
விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.
கதவைத் திறந்ததும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடும்.
லோர்ன் அதை நின்றபடியே தின்பான்.

உனக்கு வீடில்லையா, அடுப்பில்லையா என்று
ஒருநாள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
இருக்கிறது என்றான். இரும்பு வாணலி மட்டும் வெர்னாவுடையது,
அக்டோபரில் அவளோடு போய்விட்டது.
பிறகு கோப்பையைச் சுரண்டிக்கொண்டே,
யாரோ ரோட்டுக் குழியைப் பற்றிப் புகார் சொல்வதுபோல்:
தட்டு என்றால் மேசை வேண்டும், ஓடீல்.
மேசை என்றால் எதிரே நாற்காலி.
கோப்பைக்குக் காது ஒன்று இருந்தால் போதும்.

நான் சிரித்துவைத்தேன்.
என் வீட்டு மேசையில் ஆறு நாற்காலி.
ஐந்தில் துணி காய்கிறது என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் அந்தப் புயல்.
பெம்பினா சாலையே காணாமல் போயிற்று.
ரேடியோவில் குரல்கள் மட்டும் சறுக்கிக்கொண்டு வந்தன.
பதினான்கு மணி நேரம் கழித்து
புதுப் பையன் ரோடெல் மனலாஸ்டாஸ் உள்ளே வந்தான்,
புருவத்தில் பனிக்கட்டி, வாயில் பேச்சில்லை.
மாற்று ஆள் யாரும் வரவில்லை. வரவும் முடியாது.
குளிர்பெட்டியில் இருந்தது ஒரே ஒரு முட்டை.

முட்டையைப் பங்குபோட முடியாது என்றுதான்
அறுபத்தொரு வயதுவரை நினைத்திருந்தேன்.
அடித்துவிட்டால் முடியும்.
லோர்ன் அடித்தான், நுரைக்க நுரைக்க,
யார் மேலோ இருந்த கோபத்தையும் சேர்த்து.
மூன்று கோப்பையில் ஊற்றினான்,
கண்ணளவு பார்க்கக் குனிந்து, மருந்துக்கடைக்காரன் மாதிரி.
என் மேசை இழுப்பறையில் கிடந்த ஓட்ஸ்,
ரோடெல் பையில் கறுத்துப்போன வாழைப்பழம்,
இனிப்பா காரமா என்று அதற்கே தெரியாத ஒரு மாவு.

ஒன்பது, பூஜ்யம்.
முதல் கோப்பையை ரோடெலிடம் கொடுத்தோம்.
ஒன்பது, பூஜ்யம்.
இரண்டாவது எனக்கு.
பையன் இன்னும் கரண்டியைத் தொடவில்லை.
சாப்பிடு என்றேன். தலையாட்டினான், சாப்பிடவில்லை.
மூன்றாவது கோப்பை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.
மூவரும் அந்த மஞ்சள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
வேறு பார்க்க எதுவும் இல்லாததுபோல்.
ரேடியோ என் பெயரைச் சொல்லிற்று. ஒரு நிமிடம் என்றேன்.

ரோடெலுடையது ஆறி அடியோடு இறுகிவிட்டது.
என்னுடையதில் உப்பே இல்லை.
லோர்ன் முதல்முறையாக
கவிழ்த்த வாளி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

நான்கு பத்துக்கு இருவரும் கிளம்பினார்கள்.
தொட்டியில் மூன்று கோப்பைகள்,
ஓரத்தில் காய்ந்து ஒட்டிய மாவு.
தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன்.
ஊறட்டும். இப்போது தேய்த்தால் போகாது.