முப்பத்தைந்தின் மூன்று

"அடிச்சாரா?" என்றார் ஏட்டு ஜெசிந்தா.
இல்லை.
"நகை? பணம் கேட்டாங்களா?"
இல்லை.
"அப்புறம் என்னம்மா கேஸு?"

பேசுவதில்லை என்றேன்.
சித்திரையிலிருந்து. இது மாசி.
எல்லா வீட்லயும்தானே என்று சிரிக்கப் போனவர்
நான் நீட்டிய கவரைப் பிரித்தார்.

சீட்டுகள். நூற்றுப் பதினாறு.
சிப்காட் கம்பெனி லாக்புக்கில் கிழித்த தாள்,
கலிவரதனின் குண்டுக் கையெழுத்து:
'குழம்பில் உப்பு.'
'உன் அம்மாவிடம் போன், 22 நிமிடம்.'
'நாய்கூடச் சொன்னால் கேட்கும்.'
'தேவனாம்பட்டினம் மூணு கிலோமீட்டர்.
கடல் யாரையும் கேள்வி கேட்காது.'

கடைசிச் சீட்டை மட்டும்
இரண்டு முறை படித்தார்.
மின்விசிறிக் காற்றில் பறக்காமல்
தன் தொப்பியை எடுத்து
அதன்மேல் வைத்தார்.
"இதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு" என்றார்.
சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"இன்னிக்கே தூக்கிடுவீங்களா?"
கேட்டது என் தம்பி.
"மூணு வருஷம் வரைக்கும்தான் தண்டனை, தம்பி.
ஏழு தாண்டாத குத்தத்துக்கு
எடுத்ததும் கைது கிடையாது.
முப்பத்தைந்தின் மூணு, நோட்டீஸ் போகும்.
வரலைன்னா, மிரட்டினா, சாட்சியைக் கலைச்சா
அப்ப காரணத்தை எழுதித்தான் கைவைக்கணும்.
மாஜிஸ்ட்ரேட் கேப்பாங்க."

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.
எனக்கு ஏனோ மூச்சு வந்தது.
தெருவே பார்க்க
அவரை ஜீப்பில் ஏற்றுவதையா கேட்டு வந்தேன்?
தெரியவில்லை.

"நீ வீட்டை விட்டு இறங்காதே.
பாதுகாப்பு அலுவலரைப் பாரு, ஒரு ஃபாரம் தருவாங்க.
வாயால, மனசால செஞ்சதுக்கும்
அதுல கட்டம் உண்டு. டிக் போடு."
பேசாமல் செய்ததற்கு?
"அதுக்கும் அதே கட்டம்தான்.
பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டிருப்பான்,
நுணுக்கி எழுது."

வியாழக்கிழமை வந்தார்.
இஸ்திரி போட்ட சட்டை.
நோட்டீஸை மடிக்காமல்
பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தார்.
"வணக்கம் மேடம். உட்காரலாமா?"

பத்து மாதம் கழித்து
அந்தக் குரல்.
கம்மியிருந்தது. சளி.
சுக்கு தட்டிப் போட வேண்டும் என்று
எழுந்த கையை
மற்றக் கையால் பிடித்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

பெயர், வயது, வேலை, முகவரி
கதவு எண்ணோடு, பின்கோடோடு
தடங்கலின்றிச் சொன்னார்.

"மனைவி பேரு?"

வெளியே நெய்வேலி பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.
ஜெசிந்தா பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.
மை ஒரு புள்ளியாய் ஊறிக்கொண்டிருந்தது.

"அஞ்சலாட்சி" என்றார்,
ஏட்டைப் பார்த்து.