நிறுத்தத்தின் பெயர்

கல்லூரி கொடுத்த படிவத்தில்
விருந்தினருக்குத் தனி அறை உண்டா என்றிருந்தது.
உண்டு என்று எழுதினேன்.
அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு
மொட்டைமாடிக்குப் போனார்.

பத்து நாள் தங்க வந்தவள் சயோரி.
"தாங்கள் நலந்தானா?" என்று அம்மாவைக் கேட்டாள்.
"இன்னாடி சொல்லுது இந்தப் பொண்ணு?"
என்று அம்மா என்னைக் கேட்டாள்.

வாசலில் கிடந்த எல்லார் செருப்பையும்
வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவைத்தாள்.
"நம்மள கெளம்பச் சொல்றாளா?"
மூன்றாம் நாள் அம்மாவே திருப்பிவைத்தாள்.

காலையில் அவள் எனக்கு ஹிரகானா,
சாயங்காலம் நான் அவளுக்கு உயிர்மெய்.
ழ வரவில்லை என்று வருந்தினாள்.
எங்கள் பிளாக்கில் ஒருத்தருக்கும் வராது,
வாயப்பயம்தான் என்றேன்.
கணவாவுக்கு இகா. சங்கராவுக்கு
இன்னும் பேர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும்
முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.
முதல் நாள், தேரடியில் இறங்கியதும்
ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்தினார்கள்:
சுனாமி சுனாமி சுனாமி
ரெண்டே பேரு சுனாமி ஏறு

சயோரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
மேடு எங்கே என்று பார்த்தாள்.

"எடம். எங்க எடத்தோட பேரு."
வாய்க்கு வந்த மூன்று மொழியிலும் சொன்னேன்.
காசிமேட்டுக் குடிசைகள் போனபின்
எர்ணாவூரில் கட்டிக்கொடுத்த வீடுகள்.
ரேஷன் அட்டையில் அதுதான் முகவரி.
சுனாமியில தண்ணி வரல.
சுனாமியில ஒரு கல்யாணம்.
சுனாமிப் பொண்ணு வேணாம் என்று
அக்காவைத் தட்டிக்கழித்தது ஒரு மாப்பிள்ளை வீடு.
சொல்லிச் சொல்லித் தேய்ந்து
அந்தச் சொல்லில் இப்போது தண்ணீரே இல்லை.

அன்றிரவு என் நோட்டில் இரண்டு எழுத்து வரைந்தாள்.
முதலாவது துறை, அடுத்தது அலை.
ட்சு என்றாள்.
சு என்றேன்.
நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக் காட்டினாள்.
ட்சு.
சு.
மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.
"அவங்க ஊர்லயும் வந்துச்சா?"

அவளுக்கு அப்போது ஆறு வயது.
பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது.
அதுவரைக்கும்தான் அவள் தமிழ் வந்தது.
என் ஜப்பானியம்
கடையில் விலை கேட்பதோடு நின்றுவிடும்.
தட்டில் வைத்த சங்கராவின் நடுமுள்ளை
ஒரே இழுப்பில் முழுசாக உருவி எடுத்தாள்.
"மீன்காரப் பொண்ணுதான்" என்றாள் அம்மா.
வேறு எதுவும் கேட்கவில்லை.
சித்தப்பா படத்துக்கு முன் எரிந்த
சின்ன பல்பை மட்டும்
எழுந்துபோய் ஒருமுறை தட்டிவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் எனக்குத் தேர்வு.
தேரடிக்குத் தனியாக வந்துசேர்ந்தவள்
போனில் என்னோடு பேசிக்கொண்டே
யாரையோ நிறுத்தினாள்.
ஹாரன், மழைத்தூறல், லாரி பிரேக்.
அதற்குள்ளிருந்து அவள் குரல்:

"அண்ணா, சுனாமி போவுமா?"

ட்சு இல்லை. எங்கள் சு.

"போவும், ஏறு.
சில்லறையா குடும்மா."