மூன்று நிமிடம்

எண்பது டாலருக்கு மூன்று நிமிடம்.
அதற்குமேல் எந்தக் கோச்சும் பார்ப்பதில்லை.
சரியாகச் சொன்னால்
நாற்பதாவது நொடியிலேயே
காப்பி ஊற்றிக்கொள்ள எழுந்துவிடுகிறார்கள்.
அதனால் நல்ல கோல்களை முன்னால் வைப்பேன்.

டௌசனில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
பிறர் வீட்டுப் பெண்களின் கோடைக்காலத்தை
வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும்
ஒரு நொடி படத்தை உறையவைத்து
அவள் தலைமேல் மஞ்சள் வட்டம் போடுவேன்.
இருபத்துநான்கு பேர் ஓடும் புல்லில்
இவள்தான் என்று சொல்ல.
மற்ற இருபத்துமூன்று பேருக்கும்
வேறெங்கோ, வேறு யாரோ
வட்டம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஜூலையில் டெலவேர். பதினாறு மைதானம்.
கூடாரத்தடியில் மடக்கு நாற்காலிகளில் கோச்சுகள்:
சட்டை மார்பில் கல்லூரியின் பெயர்,
முகத்தில் ஒன்றுமில்லை.
பெண்களோடு பேசக்கூடாது, அது விதி.
சிரிக்கக்கூடாது என்று விதியில்லை,
ஆனாலும் சிரிப்பதில்லை.
அப்பாக்கள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு
எந்தப் பேனா எப்போது அசைகிறது என்று பார்ப்பார்கள்.
பந்தைப் பார்ப்பது
அநேகமாக என் கேமரா மட்டும்தான்.

கீலி டோம்ப்ராவ்ஸ்கி. எண் முப்பத்தொன்று.
நடுக்களம், இடதுகை.
அம்மா ரோண்டாவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட்.
கிளப் கட்டணம் தவணையில்,
எனக்கும் தவணையில்தான்:
நாற்பது இப்போது, நாற்பது பிறகு.

முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு
கீலி தனியாக மாடி ஏறி வந்தாள்.
"மிஸ்டர் ஹ்யூபர், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டம்,
பதினேழாவது நிமிடம். அதையும் சேருங்கள்."

ஓட்டிப் பார்த்தேன்.
இவர்கள் தவறவிட்ட பந்தை
எதிரணியில் ஒருத்தி, நீளச் சடைக்காரி,
வலைக்கோலில் அள்ளிக்கொண்டு பறக்கிறாள்.
மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து
கீலி துரத்துகிறாள். எழுபது கஜம்.
இடைவெளி குறைகிறது, குறைகிறது,
கோலை நீட்டுகிறாள்.
எட்டவில்லை.
கோல்.
கோலி வலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.
கீலி குனிந்து அவள் ஹெல்மெட்டில்
இரண்டு தட்டு தட்டுகிறாள்.

"இதில் நீ தோற்கிறாய், அம்மா."
"ஓடினேன் இல்லையா?" என்றாள்.

ரோண்டா போனில் சத்தம் போட்டாள்.
பிடிக்க முடியாததைக் காட்டவா காசு கொடுக்கிறேன்?
நியாயம்தான். எடுத்துவிட்டேன்.
அந்த இருபத்திரண்டு நொடியில்
மூன்று கோல் அடங்கியது.

செப்டம்பர் ஒன்று, நள்ளிரவு.
பதினோராம் வகுப்புக்காரிகளை
கோச்சுகள் கூப்பிடலாம் என்று
வாய்ப்பூட்டு கழலும் நேரம்.
பன்னிரண்டு அடித்ததும் இந்தக் கவுண்டி முழுக்க
சோபாக்களில் போன்கள் அதிர்ந்தன.
கீலியோடு ஆடும் பிரின்லிக்கு ஒரு மணிக்குள் ஒன்பது அழைப்பு.
ஐந்தாவதிலேயே அழுதுவிட்டாளாம், சந்தோஷத்தில்.
கீலிக்கு வந்தது ஒரே ஒரு செய்தி:
போன் பில் கட்ட நாளை கடைசி.

இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.
அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.
என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?
எழுந்து உட்கார்ந்து
அந்த எழுபது கஜத்தைத் தேடி எடுத்தேன்.
வட்டத்தை உறையவைக்காமல்
அவளோடு ஓடவிட்டேன்.
ஒவ்வொரு பிரேமாக நகர்த்த வேண்டும்,
விடிந்துவிட்டது.
இணைப்பை அவளுக்கு மட்டும் அனுப்பினேன்,
விலை போடாமல்.

யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்று
என் கணக்கில் தெரியும்.
முதல் வாரம்: ஐந்து முறை. அதில் நான்கு நான்.
மற்றது கீலி, பாதியில் நிறுத்தியிருந்தாள்.

அக்டோபரில் ஒருநாள்
டண்டாக், அதிகாலை மூன்று நாற்பது.
முழுவதும்.
மூன்று நாற்பத்தொன்று, மறுபடி.
இப்படியே பதினொரு தடவை,
நான்கு மணிக்கு நின்றுவிட்டது.
கன்டெய்னர்கள் இறங்கும் துறைமுகம் டண்டாக்கில்தான்.
ஷிப்டில் இடைவேளை இருபது நிமிடம்.

இரண்டாவது நாற்பது டாலர் இன்னும் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

இன்று காலை ஒரு புதுத் தாய்.
மகள் எண் எட்டு, ஒன்பதாம் வகுப்பு,
வாயில் இன்னும் பல் கம்பி.
மஞ்சள் எல்லோரும் போடுகிறார்களே,
சிவப்பு வட்டம் போட்டால்
கண்ணில் படுவாளா என்று கேட்கிறாள்.