கல் கழித்த எடை

முதலில் வருவது வலியல்ல.
கவுண்டரில் யாரோ வைத்த காசுமாலையின் மினுக்கு
மாலையைத் திருப்பிக் கொடுத்த பிறகும்
என் இடது கண்ணில் தங்கிவிடும்,
ஒரு காசளவு.
அப்புறம் ரம்பப்பல் முளைத்து விரியும்.
நகை கொண்டுவந்தவருக்குப் பாதி முகம் இருக்காது.
இருபது நிமிடம் எனக்கு. அதற்குள்
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
திராவகப் புட்டியை இறுக மூடி
கேஷியர் செபாஸ்தியானிடம்
'பார்த்துக்கங்க' என்று சொல்லிவிட வேண்டும்.

அவர் ஒன்றும் கேட்பதில்லை.
லாக்கர் அறையைத் திறந்துவிடுவார்.
காரைக்குடியில் வெயிலும் ஹாரனும் நுழையாத ஒரே இடம்.
இரும்புக் கதவில் நெற்றியின் இடப்பக்கத்தை வைப்பேன்.
பத்து எண்ணும்வரை குளிரும்.
பிறகு அடுத்த கதவு.
நூற்றுப் பதினாறாம் பெட்டி யாருடையதோ,
இந்த ஊரில் அதற்குத்தான் என்னை அதிகம் தெரியும்.

மூக்கில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், எக்ஸ்ரே எடுத்தேன்.
பவர் மாறியிருக்கும் என்றார்கள், கண்ணாடி மாற்றினேன்.
சுக்கு உரசிப் பற்றுப் போட்டதில்
தோல் உரிந்தது.
பித்தம் என்றாள் நாத்தனார் உமையாள்.
'வேலையை விட்டுரு' என்றார் அவர்,
விளக்கை அணைத்துக்கொண்டே. அன்பாகத்தான்.
பங்காளி வீட்டுக் கல்யாணத்தில்
மேளம் தொடங்குமுன் கிளம்பிவிட்டேன்.
அவளுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்களாம்.
உண்மைதான்,
பாதித் தலைக்கு.

நான் ரோட்டைக் கடக்கும்போதே
மருந்துக்கடைப் பையன் பட்டையைக் கத்தரித்து வைத்திருப்பான்.

தேனுவுக்கு ஏழு வயது.
எவர்சில்வர் தட்டைத் தரையில் வைக்கும்போது
இரண்டு கையாலும் வைக்கிறாள்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.
யாரும் சொல்லித் தரவில்லை.

அதைப் பார்த்த வாரம்தான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.
திருப்பத்தூர் தாண்டியதும்
முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

நரம்பு டாக்டர் என்னைவிடச் சின்னவள்.
'பத்துக்கு எவ்வளவு வலிக்கும்?'
கல்லில் ஒரு இழுப்பு, ஒரு சொட்டு,
இருபத்திரண்டா பதினெட்டா என்று சொல்லிவிடுவேன்.
இதற்கு உரைகல் இல்லையே டாக்டர்.
'நிதானமாச் சொல்லுங்க' என்று பேனாவைக் கீழே வைத்தாள்.
ஒன்பது வருடத்தில்
யாரும் பேனாவைக் கீழே வைத்ததில்லை.

கல் கழித்துச் சொல்லட்டுமா என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
அட்டிகை வந்தால் கல்லின் எடையைக் கழித்துத்தான்
தங்கத்துக்குப் பணம் தருவோம்.
இதில் வாந்தியைக் கழித்து
அடுத்தது எப்போது என்ற பயத்தைக் கழித்து
தேனுவின் தட்டைக் கழித்து
வெறும் வலி மட்டும் என்றால்
ஆறு.

கழிக்க வேண்டாம் என்றாள்.
மொத்த எடையைத்தான் எழுதினாள்.

தினமும் விழுங்கிய மாத்திரைகளே
பாதி வலியைக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன என்றாள்.
அவற்றை நிறுத்திய முதல் பன்னிரண்டு நாளைப் பற்றி
எழுதப் போவதில்லை.
இரவில் ஒன்று,
வலி தலைகாட்டியதும் வேறொன்று,
நாள் குறிக்க ஒரு நோட்டு.
முதலில் தந்த மருந்தில் விரல்நுனி மரத்துப்போனது;
சங்கிலியின் கொக்கி கைக்குத் தெரியவில்லை.
போன் செய்தேன். மாற்றினாள்.

பங்குனியில் பதினான்கு நாள்.
வைகாசியில் பதினொன்று.
ஆடியில் ஒன்பது.
ஆவணியில் மறுபடி பதினொன்று,
அந்தப் பக்கத்தைக் கிழிக்கத் தோன்றியது, கிழிக்கவில்லை.
ஐப்பசியில் எட்டு.
அடகில் கிடந்தவற்றில் ஆறு நாள் மீட்டிருக்கிறேன்.
மீதிக்கு வட்டி ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை செக்காலை ரோட்டில்
பாத்திரக்கடை வாசலில் வெயில் பட்டுத் தெறித்தது.
நின்றுவிட்டேன்.
கைப்பைக்குள் மாத்திரையைத் தொட்டபடி
ரம்பப்பல்லுக்குக் காத்திருந்தேன்.
கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டே இருந்தார்.
அவருக்கு முழு முகம் இருந்தது.
வெறும் வெயில்.

தேனுவின் கை தவறி
அடுக்கிலிருந்து ஒரு தட்டு விழுந்து
சுழன்று சுழன்று அடங்கியது.
தட்டைப் பார்க்கவில்லை அவள்.
என்னைத்தான் பார்த்தாள்.