நிறமூட்டி 120

ஆண்டிஸ் சரிவில்
உவான்தாவிலிருந்து அயகுச்சோ போகும் வேன்.
பதினாறு பேர் உட்காரும் இடத்தில் இருபத்திமூன்று பேர்.
யூலோகியாவின் மடியில் கோதுமைச் சாக்கு.
சாக்கில் கோதுமை இல்லை.

பக்கத்தில் மாரிசேலா, நர்சிங் இரண்டாம் வருடம்,
கையில் ரோஸ் நிறத் தயிர்ப் புட்டி.
பாதி குடித்த பிறகுதான்
லேபிளைப் படிக்கத் தொடங்குகிறாள்,
எல்லோரையும் போல.

எழுத்து எள்ளைவிடச் சிறிது.
வேன் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம்
வரி தப்பிப்போகிறது.
விரலை வைத்து அமுக்கிப் பிடிக்கிறாள்:
நிறமூட்டி 120.
போனில் தட்டுகிறாள். சிக்னல் வந்து, போய், வந்து,
'ச்சீ' என்கிறாள் சத்தமாக.
'பூச்சி! பூச்சியை அரைத்துப் போட்டிருக்கிறார்கள்!'

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறார்.

யூலோகியா சாக்கின் வாயை
இன்னும் ஒரு சுற்று முறுக்கிக்கொள்கிறாள்.
உள்ளே ஏழு கிலோ.
சப்பாத்திக்கள்ளி மடல்களில்
வெள்ளைப் பஞ்சாய் அப்பிக் கிடந்தவை.
தூரிகையால் வழித்து, காயவைத்து, சலித்து
இப்போது கூழாங்கல் நிறம்.
கிலோவுக்கு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று
எண்ணிப் பார்க்காதவர்கள் சொல்வார்கள்.
அவள் கணக்கு வேறு:
கிலோவுக்கு இத்தனை முள்.

நகக்கண்ணெல்லாம் சிவப்பு. அவள் மறைக்கவில்லை.
மருதாணி என்று நினைத்துக்கொள்ள
அந்த வேனில் யாருமில்லை.

'அது எனக்குத் தெரியும்' என்கிறாள்.
'மீதியைப் படி.'

பொட்டாசியம் சார்பேட்.
மாற்றப்பட்ட மாவுச்சத்து.
இயற்கையை ஒத்த ஸ்ட்ராபெர்ரி மணம்.
நிலைப்படுத்தி, குவார் பிசின்.

'குவார் என்றால்?'
'தெரியாது.'
'மாவை எதற்கு மாற்றினார்கள்?'
'தெரியாது.'
'ஸ்ட்ராபெர்ரி எந்த வரியில் வருகிறது?'
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
வரவில்லை.

குவார், நம் கொத்தவரை.
நார் உரித்துப் பொரியல் வைக்கிற அதே காய்.
எங்கோ ஒரு வறண்ட பூமியில்
அதன் விதையைச் சாக்கில் கட்டி
மடிமேல் வைத்துக்கொண்டு
ஒருத்தி பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள்.
யூலோகியா யாரென்று கேட்டால்
அவளும் 'தெரியாது' என்பாள்.
ஒருத்தி சிவக்க வைத்ததை
மற்றவள் கெட்டியாக்கியிருக்கிறாள்,
ஒரே மூடிக்குக் கீழே.

அயகுச்சோவின் தேவாலய மணிக்கூண்டுகள் தெரிகின்றன.
மாரிசேலா புட்டியை எறியவில்லை,
குடிக்கவுமில்லை.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
நிறத்தைப் பார்க்கிறாள்.
அப்புறம், சாக்கைப் பார்க்காமலே,
'கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள்?'

யூலோகியா சொல்கிறாள்.

மறுபடியும் 'ச்சீ' என்கிறாள் மாரிசேலா.
இந்த முறை மெதுவாக.